காலர் மட்டுமே தெரிந்தவளை அண்ணாமலையார் என்ன செய்தார்

நாற்பத்தொரு வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே வேலை சட்டைக்குக் காலர் தைப்பது. முழுச் சட்டை எனக்குத் தைக்கத் தெரியாது. காலர் மட்டும்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு அழுதேன்.

அண்ணாமலையைச் சுற்றும் நம் கூட்டத்தில் மாதத்துக்கு ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வது வழக்கம். "இந்த மாசம் நீ சொல்லு லோகா" என்று என்னையும் எத்தனையோ மாதமாகக் கேட்டுவிட்டார்கள். நான் நழுவிக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் எல்லாம் வேண்டினேன், கிடைத்தது என்று நேராகச் சொல்கிறார்கள். எனக்கு நடந்ததில் எது நேர், எது கோணல் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. குழப்பத்தோடுதான் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லோகநாயகி. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் பெங்களூரில். வீட்டில் தமிழ் பேசுவோம், பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். இருபத்துநாலு வயதில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே ஒரு சட்டையை ஒருவரே தைப்பதில்லை. மெஷின்கள் வரிசையாக இருக்கும். ஒருத்தி பை வைப்பாள், ஒருத்தி கை ஏற்றுவாள், ஒருத்தி பக்கம் மூட்டுவாள். நான் காலர். இடது பக்கக் கூடையில் துண்டுகள் வரும். தைத்து வலது பக்கக் கூடையில் போடுவேன். பதினேழு வருஷம் அப்படியே போனது. நான் தைத்த காலர் எந்த நிறச் சட்டையில் போய் உட்கார்ந்தது என்றுகூட நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவருக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அங்கே ஒரு மணிலா மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடும் வேலை இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். "நம்ம பக்கமே போயிடலாம் லோகா" என்றார். அவருக்கு அது நம்ம பக்கம். எனக்கு அது கல்யாணம், கருமாதிக்கு மட்டும் வந்து போன பக்கம். சரி என்று சொன்னேனா, சொல்லவில்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. வைகாசிக் கடைசியில் ஒரு லாரியில் சாமான்களையும் என் தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் பின்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. எங்கள் மகள் கவிதாவைப் பத்தாம் வகுப்பில் சேர்த்தோம். அவர் காலையில் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய்விடுவார். நான் வீட்டில் இருப்பேன். என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பேரைப் படிக்கத் தெரியாது. கடையில் ஒன்றைக் கேட்டால், "நீங்க பேசறது தமிழா, வேற எதனாவதாம்மா?" என்று கடைக்காரர் கேட்பார். காய் வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பி வந்த நாட்கள் உண்டு.

இதெல்லாம் போதாது என்று அந்த மலை வேறு. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் அண்ணாமலை தெரியும். துணி காயப்போட மாடிக்குப் போனால் தெரியும். பெங்களூரில் எங்கள் தெருவில் ஒரு மாரியம்மன் இருந்தாள். அவளுக்குக் கண்ணும் மூக்கும் இருந்தன. முகத்தைப் பார்த்து என் கஷ்டத்தைச் சொல்வேன், சில நாள் சண்டையும் போடுவேன். இங்கே சாமியே மலை என்கிறார்கள். இவ்வளவு பெரியவரை எங்கே பார்த்துப் பேசுவது? கோயிலுக்குள் போய் விழுந்து கும்பிட்டேன். வெளியே வந்ததும், கும்பிட்டது அவர் காதில் விழுந்திருக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடு கும்பிடுவது பாவமோ என்று அதற்கும் ஒரு பயம்.

இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். வீட்டு ஓனரம்மா சம்பூர்ணம் அக்கா, "உங்க சம்சாரம் இன்னா வேல பாத்தாங்க?" என்று கேட்டதற்கு, "டெய்லருங்க. பதினேழு வருஷ சர்வீஸு. ஃபாரின் சட்டையெல்லாம் தெச்சிருக்கா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். இல்லை அக்கா, காலர் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. அந்த மரியாதையை விட மனசு வரவில்லை.

மறுநாளே துணியோடு ஆள் வந்துவிட்டது. இந்த ஊரில் பெண்கள் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இதே மாதிரி தைத்துக் கொடு என்பார்கள். நான் ராத்திரியோடு ராத்திரியாக என்னுடைய பழைய ஜாக்கெட் ஒன்றைப் பிரித்து, எந்தத் துண்டு எங்கே போகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு பருத்தி ஜாக்கெட்டும் ஏதோ ஒரு மாதிரி வந்தன. ஒருத்தி, "கொஞ்சம் டைட்டா கீது" என்றாள். "போடப் போட லூஸாகும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

ஆவணியில் சம்பூர்ணம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையில் கூடவே வரும் ஜாக்கெட் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார் அக்கா. கை ஓரத்தில் ஜரிகை. "நீயே தெச்சுடு லோகா. வெளிய குடுக்க எனக்கு மனசு இல்ல" என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜாக்கெட் கையில் முன்பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாகக் குழித்து வெட்ட வேண்டும், பின்பக்கம் கம்மி. அதனால் வலது கை வேறு, இடது கை வேறு. இரண்டு துணியையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி போட்டுத்தான் வெட்ட வேண்டும். நான் இரண்டும் மேலே பார்க்கும்படி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒரே வெட்டாக வெட்டினேன். கம்பெனியில் காலர் துணி அப்படித்தான் வரும், காலருக்கு வலது இடது கிடையாது. ஏற்றிப் பார்த்தபோது இரண்டும் இடது கை. மாற்றி வெட்ட இன்னொரு துண்டு பட்டு இல்லை.

அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜாக்கெட்டின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "பதினேழு வருஷம் இன்னாத்தம்மா தெச்ச நீ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தப் பெண் நிச்சயத்துக்குப் புடவை நிறத்துக்குச் சேராத கடை ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார். துணி கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அக்கா கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பதினேழு வருஷம் நான் என்னத்தைத் தைத்தேன்? நான் டெய்லரா இல்லையா? இல்லையென்றால் அத்தனை வருஷம் நான் யார்? சோற்றை வடிக்கும்போதும் இதே யோசனைதான்.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. பழைய கம்பெனி சூப்பர்வைசரம்மா கன்னடத்தில் எழுதியிருந்தார். புது வரிசை ஒன்று தொடங்குகிறோம், காலருக்கு ஆள் வேண்டும், ஆயுத பூஜைக்குள் வந்தால் உன் இடம் உனக்கு, தங்குவதற்கு மற்றப் பெண்களோடு அறை உண்டு என்று இருந்தது. அதாவது நான் மட்டும் போக வேண்டும். மகள் இங்கே பத்தாம் வகுப்பு, அவர் இங்கே மண்டி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்து போகும் அம்மாவாக நான் ஆக வேண்டும்.

அவரிடம் படித்துக் காட்டினேன். "போறதுன்னா போ லோகா. நான் தடுக்கல" என்றார். பாசத்தில் சொன்னாரா, சலிப்பில் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். கவிதா மறுநாளிலிருந்து பக்கத்தில் நின்று, குழம்புக்குப் புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கேட்டுக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, "போகணுமா, இருக்கணுமா, ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. தினமும் கேட்டேன். கடைசியில் கோபம் வந்து, நாலு நாள் அந்த ஜன்னலையே சாத்தி வைத்தேன். சாமியிடம் கோபித்து ஜன்னலைச் சாத்தியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமைக்குப் பஸ் என்று முடிவு செய்தோம். பெட்டி கட்டியாகிவிட்டது. புதன்கிழமை விடியற்காலையில் எனக்கு என்ன தோன்றியதோ, இங்கே இருந்துகொண்டு மலையை ஒரு தடவைகூடச் சுற்றாமல் போகிறோமே என்று செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டேன். பௌர்ணமிக்கு ஜனங்கள் சாரிசாரியாகப் போவதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வேங்கிக்காலிலிருந்து நடந்து ஈசான்ய லிங்கக் கோயில் பக்கம் மலைப் பாதையைப் பிடித்தேன். இடது பக்கம் திரும்பினால் ஊர், வண்டி, கூட்டம். வலது பக்கம் மரமும் நிழலும். அழுத முகத்தோடு ஊருக்குள் போக வெட்கப்பட்டு வலது பக்கம் திரும்பினேன்.

உங்களுக்கெல்லாம் இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தெரியாது. மலை நம் வலது கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மலை இடது கைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எதிரே வந்த இரண்டு பெண்கள் என்னவோ சொன்னார்கள், நான் காதில் வாங்கவில்லை. காவி கட்டிய சாமியார் ஒருவர் விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு மேலே நடந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டதைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். அதற்கும் அர்த்தம் புரியவில்லை.

குபேர லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் டேப், கேரியரில் பெரிய துணி மூட்டை. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார்.

"யம்மா, யம்மா! இன்னாம்மா எதிர்ல சுத்திக்கினு வர்றீங்க? திரும்புங்க, திரும்புங்க!"

சைக்கிள் நின்ற வேகத்தில் மூட்டை சரிந்து அவிழ்ந்தது. வெட்டின துண்டுகள் ரோடெல்லாம் சிதறின. ஐயோ என்று நானும் குனிந்து பொறுக்கினேன். பொறுக்கிய முதல் துண்டிலேயே என் கை நின்றுவிட்டது. அத்தனையும் காலர். நீலக் கோடு போட்ட வெள்ளைத் துணி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸும் கூடவே இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"கேன்வாஸைத் துணி அளவுக்கே வெட்டியிருக்கீங்களே. ஓரம் மூட்டினா முனை திரும்பாது, குண்டா நிக்கும். ஒரு நூல் அளவு உள்ள தள்ளி வெட்டணும். இந்தக் கேன்வாஸும் ஒரு தடவை தொவைச்சாலே சுருங்கிடும்."

அவர் துண்டைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க டெய்லராம்மா?"

இதே கேள்வியில்தான் நான் முன்பு வாயை மூடிக்கொண்டு நின்று மாட்டிக்கொண்டேன். நாளைக்கு ஊரைவிட்டே போகிறவள் இனி யாருக்கு வேஷம் போடுவது? "இல்லைங்க. எனக்கு ஜாக்கெட் தைக்க வராது, சட்டை தைக்க வராது. பெங்களூர்ல ஒரு கம்பெனில பதினேழு வருஷம் வெறும் காலர் மட்டும்தான் தெச்சேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"மட்டும்னா?" என்றார் அவர். "நான் முப்பது வருஷமா தெக்கிறேன். சட்டையில எனக்கு இன்னிக்கும் சரியா படியாதது அது ஒண்ணுதாம்மா."

அவர் பெயர் பச்சையப்பன். அடி அண்ணாமலை கிராமத்தில் தையல் கடை வைத்திருந்தார். காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் யூனிபாரம் முடித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். காலர் தைத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட்டாராம். டவுனில் யாராவது கிடைப்பார்களா என்று கேட்கத்தான் மூட்டையோடு கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்து, "கடைக்கு வந்து நாலு தெச்சுக் காட்டறீங்களா?" என்று கேட்டார்.

நான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே அவருடைய கடை. இன்னும் அரை மணி நேரம் நடந்தால் போதும். அந்தப் பக்கமாகக் காலை எடுத்து வைத்தேன். அவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்.

"அப்படிப் போகக் கூடாதும்மா. சுத்தறேன்னு கிளம்பிட்டீங்க. இப்படியே திரும்பி ஊருக்குப் போய், கோபுரத்தாண்ட கும்புட்டு, சரியான வழியில சுத்திக்கினு வாங்க. வழியிலதான் என் கடை. பஸ் ஏறிடாதீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. கண்ணுக்கு எதிரே வேலை. அதை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி மலையின் மூன்று பக்கத்தைச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வர வேண்டுமாம். இவர் என்னைத் தட்டிக்கழிக்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா? சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் போய்விட்டார். நடுரோட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன். ஏன் திரும்பினேன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. நாலு மாதமாக இந்த ஊரில் எனக்கு இப்படிச் செய் என்று யாரும் வழி சொன்னதில்லை. ஒருவர் சொன்னார், கேட்டேன், அவ்வளவுதான்.

கோபுரத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு செங்கம் ரோடு வழியாக நடந்தேன். வெயில் ஏறியது. ரோடு சுட்டது, காலில் கொப்புளம். யாரோ முகம் தெரியாத ஆள் பேச்சை நம்பி இப்படிப் போகிறாயே என்று ஒரு மனசு திட்டியது. நடடி என்று இன்னொரு மனசு சொன்னது. அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பச்சையப்பன் டெய்லர் என்று கேட்டதும் கடையைக் காட்டினார்கள். கடை பூட்டியிருந்தது.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே சொல்ல முடியாது. பக்கத்திலிருந்த ஆதி அண்ணாமலையார் கோயிலில் போய் விழுந்தேன். அதுவரை வேண்டியதெல்லாம், போகணுமா, இருக்கணுமா, என்னைத் திரும்ப அனுப்பு, என் மானத்தைக் காப்பாற்று என்றுதான். அன்றைக்கு வேண்டக்கூடத் தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. வழி தெரியாது, ஜாக்கெட் தெரியாது, உன்னைக் கும்பிடக்கூட முறை தெரியாது. காலர் மட்டும்தான் தெரியும். அதை வெச்சு என்ன பண்ணுவியோ பண்ணு. உன் பாடு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்தால் கடை வாசலில் அந்தச் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. கேரியரில் புது கேன்வாஸ் கட்டு. "டவுனு முழுக்க அலைஞ்சு வாங்கியாந்தேம்மா. நீங்க சொன்னீங்களே, அது தொவைச்சா சுருங்கிடும்னு. இது நல்லதுதானா பாருங்க" என்றார் பச்சையப்பன் அண்ணா. இலையில் மடித்த இரண்டு இட்லிப் பொட்டலமும் கையில் இருந்தது. "நடந்து வந்திருப்பீங்க, மொதல்ல சாப்புடுங்க" என்றார்.

நான் வருவேன் என்று அவர் நம்பியிருக்கிறார். நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி டவுன் முழுக்க அலைந்திருக்கிறார். இட்லியைச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன்.

மெஷினில் உட்கார்ந்தேன். அதன்பிறகு குழப்பம் எதுவும் இல்லை, கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேன்வாஸை ஒரு நூல் உள்ளே வெட்டி, மூட்டி, முனையில் மிச்சத்தைக் கத்தரித்து, ஊசி வைக்காமல் விரலாலேயே திருப்பினேன். அண்ணா அந்த முனையைத் தடவித் தடவிப் பார்த்தார். "குத்துது பாருங்க" என்று சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஒரு கூடை நிறைந்துவிட்டது. "நாளைக்குக் காலையில வந்துருவீங்க இல்ல?" என்று கேட்டார். நாளைக்குத்தான் எனக்குப் பஸ். "வந்துடறேன் அண்ணா" என்றேன்.

கால் நடக்க முடியாமல் டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். காணாமல் போனவளைத் தேடி அலைந்துவிட்டு அவரும் கவிதாவும் வாசலில் நின்றிருந்தார்கள். "எங்க போயிட்ட லோகா?" என்றார். "மலை சுத்தப் போனேன். நான் பெங்களூர் போகலைங்க" என்றேன். அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, என் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். மடித்து வைத்ததையெல்லாம் ஏன் கொடியில் போட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கவிதா என் கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். "நான் தடுக்கல" என்று அவர் சொன்னது சலிப்பில் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் சம்பூர்ணம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். பதினேழு வருஷமா நான் தெச்சது காலர் மட்டும்தான். வாய் திறந்து சொல்லாதது என் தப்பு" என்றேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு, "அத மொதல்லயே சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரருக்குச் சட்டையாவது குடுத்திருப்பேனே" என்றார். அக்காவுக்குக் கோபம் போன விதம் அதுதான்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான் என் கதை. யூனிபாரம் நேரத்துக்கு முடிந்தது. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் வந்தது. நான் அண்ணாவுக்குக் காலர் சொல்லிக் கொடுத்தேன், அவர் எனக்கு வெட்டச் சொல்லிக் கொடுத்தார். ஜாக்கெட் கை வெட்டும்போதெல்லாம், "நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பாக்குதாம்மா?" என்று கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கினார். சம்பூர்ணம் அக்கா மகளின் வளைகாப்புக்கு ஜாக்கெட் தைத்தது நான்தான். ஒரு கை வலது, ஒரு கை இடது. இரண்டாயிரமாம் வருஷம் வேங்கிக்காலிலேயே தனியாக ஒரு சின்ன தையல் கூடம் போட்டேன். இப்போது ஐந்து பெண்கள் என்னோடு தைக்கிறார்கள். அங்கே ஒரு சட்டத்தை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொருத்தியும் வெட்டுவதிலிருந்து பட்டன் வரைக்கும் முழுச் சட்டை தைக்க வேண்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது. நடக்கட்டும்.

இனி என் குழப்பத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் முறைப்படி இடது பக்கம் திரும்பி ஊர் வழியாகச் சுற்றியிருந்தால் பச்சையப்பன் அண்ணாவைப் பார்த்திருக்கவே மாட்டேன். நான் தப்பாக வந்ததால்தான் அவர் பிரேக் பிடித்தார். அப்படியென்றால் என்னைத் தப்பான பக்கம் திருப்பியது அண்ணாமலையாரா? இல்லை, நானே செய்த தப்பை அவர் எடுத்துச் சரியாகத் தைத்துக் கொடுத்தாரா? எங்கள் வீட்டுக்காரர், "சும்மா எதேச்சையா நடந்தது" என்கிறார். நம் கூட்டத்தில் ஒரு பெரியவர், எதிராகச் சுற்றியது பாவம்தான், பரிகாரம் செய் என்றார். பரிகாரமும் செய்தேன். கேள்வி போகவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. நாலு நாள் நான் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். அவர் என்னிடம் எதையும் சாத்தவில்லை. அந்த நன்றியில்தான் இன்றைக்கும் மலையைச் சுற்றுகிறேன்.

பௌர்ணமிக்கு நம் எல்லோரோடும் வருகிறேன். அது தவிர, கூட்டம் இல்லாத நாளில் ஒரு காலை தனியாகவும் சுற்றுவேன். சரியான வழியில்தான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் ஒரு பை, அழுது வீங்கின முகம். மலை அவளுக்கு இடது கைப் பக்கம். திரும்பும்மா என்று சொல்லக் கையைத் தூக்கினேன். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. இவளை எதிர்ப்பக்கமாக அனுப்பியிருக்கிறாரே, யாரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினாரோ என்று ஒரு யோசனை வந்தது. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். ரோட்டில் வேறு ஒருவரும் இல்லை. என்னைத் தவிர.

"என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் இப்போது என் கூடத்தில் காலர் கற்றுக்கொள்கிறாள். அதனால் சொல்கிறேன், என் போல ஊர் மாறி வந்து, வயது போய்விட்டதே, எனக்கு என்ன தெரியும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கிளம்பி வாருங்கள். முறை தெரியவில்லை என்றால் பரவாயில்லை. சந்தேகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எதிர்ப்பக்கமாக வந்தாலும் வாருங்கள். எதிரே நான் வந்துகொண்டிருப்பேன்.